கிணற்றுக்குள் எழுத்துக்கூட்டி வாசித்தது

வலையபட்டிப் பக்கம் போனால் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி நிற்கும். அதைக் கட்டியவன் நான். சாரம் கட்டிய அன்றைக்கே, இது ஒரு மழைக்குத் தாங்காது என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னவர்கள் இன்றைக்கு அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் டீ குடிக்கிறார்கள். எங்கள் மாதா கோயில் மணிக்கூண்டை எழுப்பியவன் நான். பழைய அஸ்திவாரம், அவ்வளவு உயரம் ஏற்றக்கூடாது என்று படித்த இன்ஜினியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நான் சுற்றிலும் தோண்டிப் பார்த்தேன், பக்கத்தில் புதுசாகக் கல் அடுக்கி இறுக்கினேன், ஏற்றினேன். மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கீழச்சிவல்பட்டிக்கு அங்குட்டு, மேய்ச்சலுக்குப் போன ஆடு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிற பாறைக் காட்டில், கிணறு வெட்டித் தண்ணீர் காட்டியவன் நான். காரைக்குடியில் சொந்தமாக மாடி வீடு. எங்கள் வகையறாவில் கான்கிரீட் தளம் போட்ட முதல் வீடு அது.

இவ்வளவையும் செய்தது மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சாந்துச்சட்டி சுமக்கப் போன ஆள். நிலம் கிடையாது, கைதூக்கிவிட ஒரு மாமன் கிடையாது. இதை நானே சொல்கிறேன் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

ஆனால் நான் செய்ததிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால், கட்டடத்தைக் காட்ட மாட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பகல் பொழுது, இடிந்த கிணற்றுக்குள் உட்கார்ந்து வேதப்புத்தகம் வாசித்தேன். அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் மாப்ளையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ளை என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். கிணறு வேலையில் எனக்கு வலது கை அவன்தான். கடப்பாரை பிடித்தால் பாறை எங்கே பிளக்கும் என்று கைக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கக் கூப்பிடுவது அவனைத்தான். வேலைக்கு வரும்போது தூக்குச்சட்டியோடு வேதப்புத்தகத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவான். மத்தியானம் மற்றவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு படுப்பார்கள். இவன் மரத்தடியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பான். வாசித்துவிட்டு ஒன்றுமில்லாததற்குச் சிரித்துக்கொண்டு எழுந்து வருவான். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பொஸ்தகத்தைப் பிழிஞ்சா தண்ணி வருமாடா என்று கேட்பேன். அவன் விட மாட்டான். மச்சான் கட்டுன வீட்டுல மச்சானே குடியிருக்க முடியாது, உள்ள பூராவும் பெருமை நெறஞ்சு கெடக்கு, பாயை எங்க விரிப்பீக என்பான். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்வேன். வேதத்தை வாசித்தால் மனசுக்கு விடுதலை, சந்தோஷம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போது, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தளத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் எனக்கும் வேதத்துக்கும்.

அந்த வருஷம் கோடையில் ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. பெரிய சதுரக் கிணறு. மேலே மண், அதற்கு அவருடைய பாட்டன் காலத்துக் கல்கட்டு. கல்கட்டுக்குக் கீழே பாறை. வெட்ட வெட்டப் புகைதான் வந்தது. சம்சாரி தினமும் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவார். கடைசியில் ஒருநாள் முற்பகலில் மாப்ளையின் கடப்பாரை இறங்கிய இடத்தில் ஊற்று உடைந்தது. கையகலக் கண். தண்ணீர் குதித்து வந்தது. ஆட்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட ஓடிவந்துவிட்டார்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஊற்று உடைந்துவிட்டால் அன்றைக்கு அதன்மேல் இரும்பு படக்கூடாது. எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். யார் கையில் ஊற்று உடைந்ததோ அந்த ஆள் மட்டும் தனியாக இறங்கி, செம்பில் முதல் தண்ணீர் மொண்டு, வழியில் எங்கும் கீழே வைக்காமல் கொண்டுவந்து, தோட்டக்காரர் வீட்டம்மா கையில் கொடுக்க வேண்டும். அந்த அம்மா அவனுக்கு வேட்டி துண்டு கொடுப்பார். எந்தச் சாமி கும்பிடுகிறவனாக இருந்தாலும் இது உண்டு. மாப்ளை சிலுவை போட்டுக்கொண்டு இறங்குவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிழக்கு மூலையில் கல்கட்டுக்கு அடியில் பாறையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டியிருந்தோம். மத்தியானத்துக்குள் அதற்கு முட்டுக் கொடுத்துவிடலாம் என்று காலையில் பேசியிருந்தோம். ஊற்றைப் பார்த்ததும் எல்லோரும் ஏறிவிட்டோம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஊற்றைப் பார்த்த பிறகு முட்டைப் பற்றி நினைக்கிற கிணறுவெட்டி இன்னும் பிறக்கவில்லை.

அவன் செம்போடு இறங்கிப் போனான். வீட்டம்மா தட்டில் வேட்டியும் வெற்றிலையுமாக நின்றார். நான் சம்சாரியிடம், தண்ணி காட்டிட்டேன் பாத்தீகளா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயை மூடவில்லை, கிழக்கு மூலைக் கல்கட்டு சரிந்தது. இடி மாதிரிச் சத்தம் வரும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. மூட்டையை அவிழ்த்து நெல்லைக் கொட்டுகிற சத்தம். அதற்குப் பிறகு புழுதி. புழுதிக்குள்ளிருந்து அவன் குரல்.

"மச்சான்."

அவ்வளவுதான் சொன்னான். கத்தவில்லை.

புழுதி அடங்கியதும் பார்த்தேன். சாகவில்லை. பாறையில் முதுகு சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தான். கல்கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நீளமான படிக்கல் ஒன்று விழுந்து அவனுடைய இரண்டு தொடைமேலும் குறுக்கே கிடந்தது. அதன்மேல் மண்ணும் கல்லும். ஊற்றுத் தண்ணீர் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், அவன் தலைக்கு நேர் மேலே மிச்சக் கல்கட்டு வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. தொட்டால் வந்துவிடும்.

தண்ணீர் ஏறுகிறதைப் பார்த்துவிட்டுச் சம்சாரி எஞ்சின் ரூமுக்கு ஓடினார். நான் குறுக்கே விழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆயில் எஞ்சின் கிழக்குக் கரைமேல்தான் இருந்தது. ஓடினால் கரையே நடுங்கும்.

"விடுங்கய்யா, தண்ணி ஏறுது. மூக்கு வரைக்கும் ஏறுனா என்ன செய்வீக?"

"எஞ்சின் ஓடுனா தண்ணி மூக்கு வரைக்கும் ஏற வேண்டிய வேலையே இல்லை. அதுக்கு முந்தியே கல்லு வந்துரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த எஞ்சின் ரூம் சாவியைக் கீழே போட்டுவிட்டார். எஞ்சினை ஓட்டவிடாமல் நிறுத்தியது நான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கையால்தான் இறைத்தோம். மேற்குப் பக்கம் ஏணி போட்டு, வாளி, குடம், அன்னக்கூடை, கிடைத்ததையெல்லாம் ஆள்மாற்றி ஆளாக மேலே கொடுத்தார்கள். களை எடுக்க வந்த பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டு பேர் கயிறு இழுக்கிற மாதிரி, ஊற்று ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

ஒரு ஆள் மொபெட்டை எடுத்துக்கொண்டு போன் பூத்துக்குப் போனான், தீயணைப்பு வண்டிக்குச் சொல்ல. அதற்குள் நான் வரப்பில் நின்ற பனைகளைச் சாய்க்கச் சொன்னேன். சம்சாரி தானே கோடாரி எடுத்துக் கொடுத்தார். பனங்கட்டையை எதிர்ப் பாறையில் ஊன்றி, வயிறு தள்ளின கல்கட்டுக்குப் பலகை வைத்து, ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டையையும் ஆப்பு வைத்து இறுக்கும்போது மேலேயிருந்து மண் பொலபொலவென்று அவன் தலையில் விழும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மண் விழுவது நின்றதும் அடுத்த கட்டை.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பெரியவர் இறங்கிப் பார்த்துவிட்டு முட்டு யார் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். தலையை ஆட்டினார். நானாக இருந்தாலும் இப்படித்தான் கொடுத்திருப்பேன் என்றார். அதை நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் படிக்கல்லைத் தூக்கச் செயின் பிளாக் வேண்டும். லாரிப் பட்டறைக்காரர்கள் எஞ்சினைத் தூக்குவதற்கு வைத்திருக்கிற சங்கிலிக் கப்பி. காரைக்குடியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஜீப் போனது.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ரத்தம் போயிருக்கு, பச்சைத் தண்ணியில கெடக்காரு. கண் சொக்க ஆரம்பிச்சிருச்சு. தூங்கிட்டார்னா எழுப்புறது கஷ்டம். கப்பி வர்ற வரைக்கும் யாராவது கூட இருந்து பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும் என்றார். நான்தான் போவேன் என்றேன். கல்கட்டு வந்தால் இரண்டு பேர்மேலும் வரும், தெரியுமில்லையா என்றார். முட்டுக் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. ஏணியில் ஒவ்வொரு படியிலும் நின்று, கல்கட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இறங்கினேன்.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீர் எனக்கு முழங்கால் வரை. என்ன பேசுவது? அவனிடம் எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் ஏச்சுதான். மணிக்கூண்டு கட்டிய கதையைச் சொன்னேன். மேல்நிலைத் தொட்டிக் கதையைச் சொன்னேன். அவன் கண் மூடிக்கொண்டே வந்தது. காதைப் பிடித்துத் திருகினேன்.

"இந்தக் கதையை எம்புட்டுத் தடவை மச்சான் கேக்குறது" என்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, "பையில பொஸ்தகம் இருக்கு. எடுத்து வாசிங்க" என்றான்.

எனக்கு வாசிக்க வராது என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பஸ் போர்டு வாசிப்பேன், சிமெண்டு மூட்டைமேல் போட்டிருப்பதை வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். புத்தகம் என்று ஒன்றைப் பிடித்து வாசித்ததே கிடையாது. அதனால் மேலே பார்த்துக் கூப்பிட்டேன். சேதி கேட்டு எங்கள் கோயில் பாட்டுக்குழு வாத்தியார் வந்து நின்றுகொண்டிருந்தார். அவரை வாசிக்கச் சொன்னேன். அவர் மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மேற்குக் கரையில் மண்டி போட்டு உட்கார்ந்து வாசித்தார். நல்ல குரல். குறை சொல்ல மாட்டேன். கிணற்றுக்குள் அந்தக் குரல் உருண்டு வந்தது தேன் மாதிரி இருந்தது. இறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டார்கள்.

மாப்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாலாட்டுக் கேட்ட பிள்ளை மாதிரி முகம் அமைதியாகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கன்னத்தில் ஓங்கித் தட்டினேன். மெதுவாகக் கண் திறந்தான். மறுபடி வாத்தியார் வாசித்தார், மறுபடி சாய்ந்தான். அவனுக்குப் பாதிக்கு மேல் மனப்பாடம். அந்தக் குரலில் அப்படியே மிதந்து போய்விடுகிறான்.

போதும், பொஸ்தகத்தை இங்குட்டு இறக்குங்க என்றேன். அன்னக்கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். துணி ரிப்பன் கிடந்த பக்கத்தைப் பிரித்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்தது. மேலே கரை முழுக்க ஜனம். என் ஆட்கள், சம்சாரி, களை எடுக்கிற பெண்கள், தீயணைப்புக்காரர்கள். இத்தனை பேருக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசிக்க வேண்டும். இதற்கு அந்தக் கல்கட்டே விழுந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்லவில்லை.

வாசித்தேன். ஆண்டவரைப் பற்றிச் சொல்லப் போன இரண்டு சீடர்களை அடித்துச் சிறையில் போட்ட இடம் அது. ஒரு ஊரில் அவர்களைப் பிடித்துத் துணியைக் கிழித்து, கம்பால் அடித்து, உள்சிறையில் தள்ளி, காலைத் தொழுமரத்தில் மாட்டிவிடுகிறார்கள். தொழுமரம் என்றால் ஓட்டை போட்ட கட்டை. காலை உள்ளே விட்டுப் பூட்டினால் அசைக்க முடியாது. இந்த அர்த்தமெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது முதல் எழுத்து, அதற்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. பிடித்த வார்த்தையும் பாதி தப்பு. சிறைச்சாலைக்காரன் என்ற வார்த்தைக்குள் போய் வெளியே வர வழி தெரியாமல் நின்றேன்.

மாப்ளை கண்ணைத் திறந்தான்.

"என்ன மச்சான் பண்றீக?"

"வாசிக்கிறேன்டா."

"வாசிக்கிறீகளா? கொல்றீக" என்றான். அந்த வார்த்தையை அவனே சொல்லி முடித்தான். அடுத்த வரியில் நான் விழுந்தேன், அவன் தூக்கிவிட்டான். அதற்கடுத்த வரியில் ஒரு வார்த்தையைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் போங்க, ஒண்ணை விட்டுட்டீக என்றான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக அவனுக்குத் தெரிந்த இடத்தை நான் கல் உடைக்கிற மாதிரி உடைத்தால் எப்படிப் பொறுப்பான்? கண் நன்றாகத் திறந்துகொண்டது.

மேலேயிருந்து வாத்தியார், நான் வேணும்னா இறங்கி வந்து வாசிக்கட்டுமா என்று கேட்டார். மனசு நல்ல மனசுதான். மாப்ளை தலையைத் தூக்கிச் சொன்னான்:

"மச்சானே வாசிக்கட்டும் சார். அவுக வாசிக்கிறதைக் கேட்டா செத்தவனும் எந்திரிச்சு வந்து திருத்துவான்."

கிணறு முழுக்கச் சிரிப்பு. இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரிப்பேன் என்று நான் நினைக்கவில்லை. அவமானமாக இருக்கும் என்றுதான் பயந்திருந்தேன். அது எங்கே போனது என்றே தெரியவில்லை.

மறுபடி விரலை வைத்தேன். அடிபட்ட அந்த இரண்டு பேரும் நடுச்சாமத்தில் பாட்டுப் பாடுகிறார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கடுத்த வார்த்தையை நான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்ததும் மாப்ளை தடுத்தான்.

"அது பூமி அதிர்ச்சி மச்சான். அதை மட்டும் வாசிக்காதீக. ஏற்கெனவே அதிர்ந்துதான் இங்க கெடக்கேன்."

அதைத் தாண்டி வாசித்தேன். கதவெல்லாம் திறந்துகொள்கிறது. கட்டெல்லாம் கழன்றுவிடுகிறது. ஆனால் அந்த ஆட்கள் ஓடவில்லை. உள்ளேயே இருக்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். ஓடினார்கள் என்று எங்கேயும் இல்லை.

"கதவுதான் தொறந்துருச்சே மாப்ளை. ஏன்டா ஓடலை?"

மேலேயிருந்து கொஞ்சம் மண் விழுந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். நின்றுவிட்டது.

"கதவு தொறக்கிறதுக்கு முன்னாடியே பாட ஆரம்பிச்சுட்டாகள்ல" என்றான். "அப்பவே வெளிய வந்துட்டாக. அப்புறம் எதுக்கு ஓடணும்?"

வலிக்குதா என்று கேட்டேன். வலிக்குது என்றான். பயமா இருக்கா என்று கேட்டேன். உண்மையில் அது எனக்காகக் கேட்டது.

"காலு கல்லுக்கு அடியில கெடக்கு. அது கெடக்கட்டும். நானும் போயி அதோட கெடக்கணுமா?" என்றான். அவன் மரத்தடியிலிருந்து எழுந்து வரும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு. அந்தத் தண்ணீருக்குள், அந்தக் கல்லுக்கு அடியில், எப்படிச் சிரித்தான் என்று கேட்காதீர்கள். ஆனால் நான் பார்த்தேன். இவ்வளவு கட்டின எனக்கு அந்த நேரத்தில் கையும் காலும் கட்டிப்போட்டாற்போல இருந்தது. கல்லுக்கு அடியில் கிடந்தவன் காற்றாட இருந்தான்.

கப்பி வந்தது. கிணற்றுக்கு மேலே முக்காலி மாதிரி மரம் நட்டு, சங்கிலி இறக்கினார்கள். தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் இறங்கிப் படிக்கல்லில் சங்கிலி மாட்டினார்கள். பெரியவர் மேலேயிருந்து என்னை ஏறி வரச் சொன்னார். தூக்கும்போது கல்கட்டு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது, ஆள் குறைவாக இருந்தால் நல்லது என்றார்.

"போங்க மச்சான்" என்றான் மாப்ளை. "அக்கா இருக்கா. பிள்ளைக இருக்கு."

நான் போகவில்லை. வீரம் என்று சொல்லிக்கொள்ளலாம், நானே பல இடத்தில் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நடந்தது வேறு. அவன் கண் மறுபடியும் சொக்க ஆரம்பித்திருந்தது. நான் எழுந்தால் அவனைப் பிடித்து வைத்திருக்க ஆள் இல்லை. இன்னும் முடியலைடா, திருத்து என்று சொல்லிவிட்டு விரலை வைத்தேன்.

சங்கிலி இறுகியது. ஒவ்வொரு கண்ணியாக ஏறுகிற சத்தம் கேட்டது. பனங்கட்டை ஒன்று முனகியது. அந்த முனகல் எனக்குத் தெரியும், ஆப்பு நகர்ந்தால் அப்படித்தான் முனகும். வேறு நேரமாக இருந்தால் அதைக் கேட்டதும் குதித்து ஓடியிருப்பேன். அப்போது என் கண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து இருந்தது. அதைப் பிடித்தேன். அடுத்த எழுத்து வந்தது. அதைப் பிடித்தேன். கல் விழுமா, முட்டு நிற்குமா, இவன் போய்விட்டால் என் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது, எதுவும் இல்லை. அந்தச் சிறைக்காரன் அவர்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காயத்தைக் கழுவுகிறான். சோறு போடுகிறான். வீடு முழுக்கச் சந்தோஷம் என்று வருகிற இடத்தை நான் எழுத்து எழுத்தாக ஏறிக்கொண்டிருந்தேன். வேகமாக வாசிக்கிறவர்களுக்கு இது கிடைக்காது, அடித்துச் சொல்கிறேன். அவர்கள் வாசிக்கும்போதே நாலு வரி முன்னால் போய்விடுகிறார்கள். எனக்குப் போக இடமே இல்லை. இருந்த எழுத்தில் இருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு லேசாக நான் இருந்ததில்லை.

படிக்கல் ஒரு முழம் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் அவன் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார்கள். அவன் வலியில் அலறினான். அன்றைக்கு அவன் அலறியது அந்த ஒரு தடவைதான். ஒரு கட்டிலை இறக்கி, அதில் அவனைக் கிடத்தி, கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்கள். நான் ஏணியில் கால் வைத்து முக்கால்வாசி ஏறியிருப்பேன், முட்டு விட்டது. கிழக்கு மூலை முழுக்கக் கீழே போனது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் தெரியவில்லை. வீட்டம்மா என் கையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார். புத்தகம் இடுப்பில் வேட்டிக்குள் இருந்தது. எப்போது செருகினேன் என்று தெரியாது.

மாப்ளை பிழைத்தான். ஒரு கால் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். கடப்பாரை பிடிக்க முடியாது என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் போய் அவனிடம் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். இனிமேல் தூங்கினா ஒண்ணும் ஆகாது மச்சான், கொஞ்சம் தூங்கவிடுங்க என்று கும்பிட்டான். நான் விடவில்லை. அன்றைக்குப் பிடித்த விரல் இன்றைக்கும் விடவில்லை. காலையில் காபிக்கு முன்னால் ஒரு பத்தி. இப்போதும் மெதுவாகத்தான். மருமகள்கூட, மாமா, வேகமா வாசிக்கச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். கட்டட வேலையில் ஆயிரம் கவலை. சிமெண்டு வரவில்லை, ஆள் வரவில்லை, எவனோ நம்மைப் பற்றி எங்கேயோ பேசிவிட்டான். விரலை வைத்ததும் அதெல்லாம் கரையில் நின்றுவிடுகிறது, நான் உள்ளே போய்விடுகிறேன். மாப்ளை என்ன வாசித்துவிட்டுச் சிரித்தான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

எங்கள் தெரு அன்பியக் கூட்டம், அதாவது வாரம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிக்கிறோமே, அதில் இன்றைக்கும் ஒவ்வொருவரும் ஒரு வரியை விரல் வைத்து மெதுவாக வாசிக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. எங்கிருந்தோ படித்துவிட்டு வந்து யாரோ கொண்டுவந்தது மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். அது ஆரம்பித்தது என் வீட்டுக் கூடத்தில். ஆரம்பித்தது நான்.

இப்போது எங்கள் கோயில் விழாவுக்கு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். அதில் மாப்ளையின் சாட்சியமும் வருகிறது. அச்சுக்குப் போகிறதை வாங்கி விரல் வைத்துக் கடைசி வரை வாசித்தேன். தீயணைப்புக்காரர்கள் வருகிறார்கள், நியாயம். பங்குமக்களின் செபம் வருகிறது, இருக்கட்டும். வாத்தியாரின் குரல் வருகிறது, அதையும் விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு, "கிணற்றின் ஆழத்தில் ஆண்டவரே என் அருகில் அமர்ந்து வாசித்தார்" என்று எழுதியிருக்கிறான்.

நேரே போய்க் கேட்டேன். ஏன்டா, ஆண்டவர் வாசிச்சிருந்தா அப்படித் திக்கியிருப்பாரா என்றேன். அவன் சிரிக்கிறான். மச்சான், அப்படி எழுதுறதுதான் முறை, உங்களைச் சேத்துத்தான் சொல்லிருக்கு என்கிறான். சேர்த்துச் சொல்வதெல்லாம் எனக்கு வேண்டாம்.

ஆண்டவருக்கு உள்ளது ஆண்டவருக்குப் போகட்டும். அவனைக் காப்பாற்றியது அவர். அவன் மனசைக் கல்லுக்கு அடியிலிருந்து முன்னாலேயே வெளியே எடுத்ததும் அவர். நான் மறுக்கவில்லை, மற்ற எல்லோரையும்விட எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருந்தவன் நான். ஆனால் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து, அத்தனை ஜனத்துக்கு முன்னால், எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்த வாய் என் வாய். மூன்றாம் வகுப்பு வாய். மலர் போடுகிறவர்கள் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. மாப்ளையின் சாட்சியத்துக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், வாசித்தது அவனுடைய மச்சான்தான் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். நான் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்வேன்.